41 நாளில் 807 கடைகள்: வுல்வொர்த்ஸ் விழுந்த கதை

2008 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. பிரிட்டன் முழுவதும் இருந்த வுல்வொர்த்ஸ் கடைகளில் அன்று ஒரே நாளில் 2.7 கோடி பவுண்டுக்கு விற்பனை நடந்தது. அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே ஒரு நாள் கல்லா இவ்வளவு நிறைந்ததில்லை. வாசலுக்கு வெளியே வரிசை. உள்ளே தள்ளுபடிப் பலகைகளுக்குக் கீழே, கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களையும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளையும் பொம்மைப் பெட்டிகளையும் கை நிறைய அள்ளிக்கொண்டு போகும் ஜனம்.

ஒன்பது நாள் முன்பே அந்த நிறுவனம், கடனைச் சமாளிக்க முடியாத நிறுவனத்தை வெளியாட்கள் பொறுப்பேற்று நடத்தும் திவால் நிர்வாகத்துக்குள் போயிருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பில் போட்டுக்கொடுத்த பெண்களும் இளைஞர்களும் அடுத்த ஒரு மாதத்தில் வேலை இழக்கப் போகிறவர்கள். அது அவர்களுக்கு ஏறக்குறையத் தெரிந்தும் இருந்தது. 2009 ஜனவரி 6 ஆம் தேதி கடைசிக் கிளையின் கதவு இறங்கியபோது 807 கடைகள் மூடியிருந்தன. சுமார் 27,000 பேர் வேலை இழந்திருந்தார்கள். நவம்பர் 26 இல் இருந்து எண்ணினால் 41 நாள். தொண்ணூற்றொன்பது வருடம் நின்ற கடை அது.

பொருளாதார மந்தம் வந்தது, மக்கள் செலவைக் குறைத்தார்கள், கடை மூடியது என்றுதான் இந்தக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. கூட்டம் இருந்த கடை இது. மந்தம் வந்தபோது தாங்கிப் பிடிக்க வேண்டிய சுவர்களை ஏழு வருடம் முன்பே வேறொருவர் விற்றுப் பணமாக்கிவிட்டார். மீதி இருந்ததில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை சட்டத்திலேயே எழுதி இருந்தது. அந்த வரிசையைப் பின்தொடர்வதுதான் இந்த ஆய்வு.

ஆறு பென்ஸ் கடை

அமெரிக்காவில் ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளால் பெரும் பணக்காரரான ஃபிராங்க் வின்ஃபீல்ட் வுல்வொர்த், 1909 நவம்பர் 5 அன்று லிவர்பூல் சர்ச் ஸ்ட்ரீட்டில் தன் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தார். மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ், அதற்கு மேல் எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வரை இந்த விலை வரம்பு நின்றது. சாமான்களைப் பின்னால் அடுக்கி வைத்துக் கேட்டால் மட்டும் எடுத்துக்காட்டும் காலத்தில், இங்கே எல்லாம் மேசைமேல் திறந்து கிடந்தது. யாரும் தொட்டுப் பார்க்கலாம், வாங்காமலும் போகலாம். உழைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். 1958 இல் சசெக்ஸின் போர்ட்ஸ்லேடில் ஆயிரமாவது கிளை திறந்தது. 'வூலீஸ்' என்று செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்கள் வாரா வாரம் காய்கறி வாங்கும் வுல்வொர்த்ஸ் வேறு. 1924 இல் சிட்னியில் தொடங்கியவர்கள், அந்தப் பெயரை அங்கே யாரும் பதிவு செய்திருக்காததால் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் பெயர் மட்டுமே உறவு.

பிரிட்டிஷ் வுல்வொர்த்ஸ் 1982 இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் கையை விட்டுப் போனது. பேட்டர்நாஸ்டர் என்ற பெயரில் திரண்ட முதலீட்டாளர்கள் 31 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்தக் குழுமம்தான் பின்னர் கிங்ஃபிஷர் ஆனது. வாங்கியவர்களுக்குக் கிடைத்த சொத்தில் மிட்டாயைவிடவும் பொம்மையைவிடவும் மதிப்புள்ளது ஒன்று இருந்தது. ஊர் ஊராக, கடைத்தெருவின் நடுமத்தியில், பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கட்டடங்கள்.

விற்ற சுவர்கள்

கிங்ஃபிஷர் 2001 ஆகஸ்டில் வுல்வொர்த்ஸைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பிரிப்பதற்கு முன்னால் 182 கடைக் கட்டடங்களை 61.4 கோடி பவுண்டுக்கு விற்று, அதே கடைகளை அதே இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. விற்ற பணம் போனது கிங்ஃபிஷருக்கு. வாடகை கட்டும் பொறுப்பு வந்தது வுல்வொர்த்ஸுக்கு.

இந்த ஒரு பரிமாற்றத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சொந்தக் கட்டடத்தில் வியாபாரம் செய்பவருக்கு மந்தகாலம் ஒரு மாதிரி, வாடகைக் கடைக்காரருக்கு வேறு மாதிரி. விற்பனை பாதியானாலும் சொந்தக் கட்டடக்காரர் மின்கட்டணம், சம்பளம், சரக்கு மூன்றையும் சமாளித்தால் மூச்சு விடலாம். ரொம்ப முடியாவிட்டால் கட்டடத்தை அடமானம் வைத்து ஒரு வருடம் தள்ளலாம். ஒன்றிரண்டு கட்டடத்தை விற்றும் பிழைக்கலாம். வாடகைக் கடைக்காரருக்கு அந்த வழியெல்லாம் அடைபட்டிருக்கும். அதுவும் பிரிட்டனின் வணிக வாடகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருந்த ஷரத்து கடுமையானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாடகையை மறுபரிசீலனை செய்வார்கள், ஆனால் அது மேலே மட்டும்தான் போகலாம். ஊரில் வாடகை விழுந்தாலும் உங்கள் வாடகை விழாது.

வாடகை கட்டும் நாளும் அந்த ஊர் மரபுப்படி நிலையானது. மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆம், நான்காவது தவணை விழுவது கிறிஸ்துமஸ் அன்று. பிரிட்டிஷ் கடைச் சங்கிலிகள் ஏன் கிறிஸ்துமஸை ஒட்டி விழுகின்றன என்று கேட்பவர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வருடத்தில் கல்லாவில் பணம் அதிகம் இருக்கும் வாரமும், பெரிய பில் வந்து நிற்கும் வாரமும் ஒன்றே.

தனியாகிவிட்ட வுல்வொர்த்ஸ் கையில் இருந்த வியாபாரமும் திடமாக இல்லை. கடைக்குள் நுழைந்தால் தராசு வைத்த மிட்டாய்ப் பகுதி, பொம்மை, குழந்தைகளின் லேடிபேர்ட் உடை, சிடி, டிவிடி, பக்கெட், பெயின்ட், பேட்டரி, பூந்தொட்டி. அவசரத்துக்கு எல்லாம் கிடைக்கும், எதற்காகவும் தேடி வர வேண்டியதில்லை. பொம்மையை ஆர்கோஸும் டெஸ்கோவும் விற்றன. மலிவு உடைக்குப் பிரைமார்க் வந்துவிட்டது. வீட்டுச் சாமானுக்கு வில்கின்சன், பாட்டுக்கு இணையம். பெரும்பங்கு லாபம் கிறிஸ்துமஸை ஒட்டிய சில வாரங்களில்தான் வரும், வருடத்தின் முதல் பாதி எப்போதும் நஷ்டத்தில் ஓடும். நம் ஊர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ அப்படி. 2002 முதல் தலைமை நிர்வாகியாக இருந்த ட்ரெவர் பிஷ்-ஜோன்ஸ் 'பிக் ரெட் புக்' என்ற பெரிய விலைப்பட்டியல் புத்தகம், மலிவு விலையில் 'வொர்த் இட்' வரிசை என்று பலவும் செய்து பார்த்தார்.

குழுமத்துக்குள் கடைகளைவிட நல்ல வியாபாரம் இரண்டு இருந்தன. ஒன்று, என்டர்டெயின்மென்ட் யு.கே. என்ற மொத்த வியாபார நிறுவனம். சிடி, டிவிடி விநியோகத்தில் பிரிட்டனிலேயே பெரியது, சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் மற்ற கடைகளுக்கும் சரக்கு கொடுத்தது. இரண்டாவது, பிபிசி வேர்ல்ட்வைடுடன் சேர்ந்து நடத்திய 2என்டர்டெயின் என்ற டிவிடி வெளியீட்டு நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கு. இந்த இரண்டும் கதையின் கடைசியில் திரும்ப வரும்.

பொம்மைக்காரரின் பில்

2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். அதற்குப் பின் பிரிட்டனில் கடன் கிடைப்பது ஒவ்வொரு மாதமும் கடினமாகிக்கொண்டே போனது. அந்தச் சூழலில், 2008 ஜனவரியில், வுல்வொர்த்ஸ் தன் பழைய கடனை மாற்றிப் புதிய கடன் ஏற்பாட்டுக்குள் போனது. கடன் கொடுத்தவர்கள் ஜிஎம்ஏசி கமர்ஷியல் ஃபைனான்ஸ், பர்டேல் ஆகிய இரு நிறுவனங்கள். இது சொத்து ஈட்டுக் கடன். கட்டடம்தான் கையில் இல்லையே, ஈடாகக் காட்ட என்ன இருக்கிறது? கடையில் இருக்கும் சரக்கும், வர வேண்டிய பாக்கியும்.

இந்த வகைக் கடன் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் நவம்பர் 26 புரியும். கிடங்கில் 100 ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுப்பவர் அதில் 60, 70 என்று ஒரு பங்கு வரைதான் கொடுப்பார். சரக்கு குறைந்தால் கடன் வரம்பும் தானாகக் குறையும். நல்ல காலத்தில் இது வசதியான ஏற்பாடு. கிறிஸ்துமஸுக்கு முன் சரக்கு ஏறும்போது கடனும் ஏறும், விற்றதும் இறங்கும்.

இப்போது அந்தச் சரக்கை அனுப்பும் ஒரு பொம்மைத் தயாரிப்பாளரின் பக்கம் போவோம். அவர் செப்டம்பரில் பெட்டிகளை அனுப்புகிறார், பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். அவ்வளவு நாள் அவர் நிம்மதியாகத் தூங்குவது கடன் காப்பீட்டை நம்பி. கடைக்காரர் பணம் தராமல் திவாலானால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். ஒரு நாள் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து கடிதம் வருகிறது: இந்தக் கடைக்கு அனுப்பும் சரக்குக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை. அவ்வளவுதான். பொம்மைக்காரர் கடையை அழைத்து, முன்பணம் கொடுத்தால்தான் லாரி கிளம்பும் என்கிறார். அவர்மேல் தப்பே இல்லை, அவருக்கும் சம்பளம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு இப்போது ஒரே சமயத்தில் இரண்டு செலவு. பழைய பில்லுக்கும் பணம் வேண்டும், புதிய சரக்குக்கும் ரொக்கம் வேண்டும். ரொக்கம் போதாததால் சரக்கு குறைகிறது. சரக்கு குறைந்தால் கடன் வரம்பு குறைகிறது. வரம்பு குறைந்தால் ரொக்கம் இன்னும் குறைகிறது. அலமாரியில் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும்போது வந்த வாடிக்கையாளரும் திரும்பிப் போகிறார். வாடிக்கையாளர் விலகுவது இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி. மந்தம் கடையைத் தாக்குவது தெருவழியாக மட்டும் என்று நினைப்பது தப்பு, சரக்கு இறங்கும் பின்வாசல் வழியாகவும் அது உள்ளே வருகிறது. 2008 இல் வுல்வொர்த்ஸின் சப்ளையர்களுக்கான காப்பீடு இப்படித்தான் சுருங்கியது.

அந்த வருடத்தின் இரண்டாம் பாதி

ஜூனில் பிஷ்-ஜோன்ஸ் போக வேண்டும் என்று இயக்குநர்கள் முடிவெடுத்தார்கள். அவருக்குப் பதிலாக ஃபோகஸ் டிஐஒய் நிறுவனத்தில் இருந்து ஸ்டீவ் ஜான்சன் வந்தார். அவர் நாற்காலியில் அமர்ந்தது செப்டம்பரில். அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் விழுந்த மாதம்.

இடையில் ஆகஸ்டில் ஒரு கதவு திறந்தது. ஐஸ்லாந்து என்ற உறைபனி உணவுக் கடைச் சங்கிலியின் நிறுவனர் மால்கம் வாக்கர், வுல்வொர்த்ஸின் சில்லறைக் கடைகளை மட்டும் சுமார் 5 கோடி பவுண்டுக்குக் கேட்டார். அவருக்குப் பின்னால் பாகூர் என்ற முதலீட்டு நிறுவனம் நின்றது. அது ஐஸ்லாந்து நாட்டைச் சேர்ந்தது, வுல்வொர்த்ஸிலும் அதற்குப் பங்கு இருந்தது. இயக்குநர்கள் மறுத்துவிட்டார்கள். அக்டோபரில் ஐஸ்லாந்து நாட்டின் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன, அடுத்த வருடத் தொடக்கத்தில் பாகூரும் வீழ்ந்தது. ஆகஸ்டில் சரி என்று சொல்லியிருந்தால் கடைகள் தப்பியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் சில்லறைக் கடைகளுக்கு உருப்படியான ஒரு விலை சொல்லி ஒருவர் வந்து நின்ற கடைசி நேரம் அதுதான்.

ஆகஸ்ட் 2 வரையான அரையாண்டில் வரிக்கு முந்தைய நஷ்டம் கிட்டத்தட்ட 10 கோடி பவுண்ட். நவம்பரில் பேச்சு வேறு மாதிரி ஆனது. நொடிந்த கடைகளைக் கையாளும் ஹில்கோ நிறுவனம் சில்லறைப் பிரிவை வெறும் 1 பவுண்டுக்கு, கடன் சுமையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளப் பேசியது. பிபிசி வேர்ல்ட்வைடும் அந்த 40 சதவீதப் பங்கை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. எதுவும் நேரத்துக்கு முடியவில்லை. கடன் கொடுத்தவர்கள் ஹில்கோ ஏற்பாட்டுக்கு ஒப்பவில்லை.

அவர்கள் யார் என்பதையும் பாருங்கள். ஜிஎம்ஏசி என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியோடு பிறந்த நிதி நிறுவனம். 2008 நவம்பரில் அதுவே தள்ளாடிக்கொண்டிருந்தது. அரசு உதவி பெறுவதற்காக வங்கிக் குழும அந்தஸ்து கேட்டு, டிசம்பர் 24 அன்று அதை வாங்கியது. பர்டேலின் உரிமையாளர் பேங்க் ஆஃப் அயர்லாந்து. செப்டம்பர் கடைசியில் அயர்லாந்து அரசே தன் வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்த நிலைமை. லிவர்பூலில் மிட்டாய் விற்கும் கடையின் ஆயுள், டெட்ராய்ட்டிலும் டப்ளினிலும் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த இரண்டு பேரின் கையில் இருந்தது.

கடன் கொடுத்தவரின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு எளிது. ஈடாக இருப்பது சரக்கு. அந்தச் சரக்குக்கு வருடத்தில் அதிக மதிப்பு இருக்கும் நாள் எது? கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு. கிடங்கு நிறைந்திருக்கும், வாங்க ஆள் இருக்கும். ஜனவரியில் அதே விளக்குச் சரமும் அதே அலங்கார மரமும் கால் விலைக்கும் போகாது. கடையை அடுத்த வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போவதைவிட இப்போதே விற்றுப் பணத்தை எடுப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு நான் சாட்சி அல்ல. இந்த வகைக் கடன் அவர்களை அந்தப் பக்கம்தான் தள்ளும் என்பது என் முடிவு.

நவம்பர் 26, புதன்கிழமை, பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. கடைகளும் மொத்த வியாபாரப் பிரிவும் டெலாய்ட் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் திவால் நிர்வாகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட கடன் தொகை 38.5 கோடி பவுண்ட். மேசை நாற்காலி விற்ற எம்எஃப்ஐ சங்கிலியும் அதே நாளில் திவால் நிர்வாகத்துக்குள் போனது. இரண்டு நாள் முன்னால், நவம்பர் 24 அன்று, மக்களைக் கடைக்கு அழைக்க மதிப்புக் கூட்டு வரியை 17.5 இல் இருந்து 15 சதவீதமாகக் குறைப்பதாக அரசு அறிவித்திருந்தது. டிசம்பர் 1 முதல் அமல். வுல்வொர்த்ஸின் சிக்கல் இருந்த இடத்துக்கு அந்த மருந்து போய்ச் சேரவே இல்லை.

கடைசி வாரங்கள்

வாங்க வந்து பார்த்தவர்களில் தொலைக்காட்சி மூலம் நன்கு அறிமுகமான தொழிலதிபர் தியோ பஃபிடிஸும் ஒருவர். சில நாளிலேயே விலகிவிட்டார். டிசம்பர் 11 அன்று, கடையை மூடும் விற்பனை எல்லாக் கிளையிலும் தொடங்கியது. டிசம்பர் 27 முதல் தவணை தவணையாகக் கதவுகள் இறங்கின.

அந்த விற்பனையில் சாமான் தீர்ந்த பின் அலமாரிக்கே விலைச்சீட்டு ஒட்டினார்கள். கூடை, கொக்கி, காட்சி மேசை, ஊழியர் அறையில் இருந்த நாற்காலி, எல்லாமே விற்பனைக்கு. பத்து இருபது வருடமாகத் தினமும் துடைத்து அடுக்கிய அலமாரியை, அதே கையால் திருகாணி கழற்றி வாங்கியவர் வண்டியில் ஏற்ற உதவியவர்கள் உண்டு. வுல்வொர்த்ஸின் கடைசி மிட்டாய்ப் பை என்று சொல்லப்பட்ட ஒன்று 2009 இல் இணைய ஏலத்தில் 14,500 பவுண்டுக்குப் போனது. அந்தப் பணம் கடைத் தொழிலாளர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்புக்கு என்று ஒதுக்கப்பட்டது.

ஒரு கடை விழும்போது பக்கத்துச் சுவரையும் இழுத்துக்கொண்டுதான் விழும். விர்ஜின் மெகாஸ்டோர்ஸ் என்று இருந்து 2007 இல் நிர்வாகிகளே வாங்கிப் பெயர் மாற்றிய ஸாவி இசைக்கடைச் சங்கிலிக்குச் சரக்கு கொடுத்தது என்டர்டெயின்மென்ட் யு.கே. தான். அது நின்றதும், கிறிஸ்துமஸ் வியாபாரத்தின் உச்சத்தில், புதிய சிடியையும் டிவிடியையும் பழைய கடன் வசதியோடு கொடுக்க வேறு யாரும் கிடைக்கவில்லை. டிசம்பர் 24 அன்று ஸாவியும் திவால் நிர்வாகத்துக்குள் போனது. விட்டார்ட் தேயிலைக் கடைகளும் ஆடம்ஸ் குழந்தை உடைக் கடைகளும் அதே டிசம்பரில். அடுத்த வருடம் போர்டர்ஸ் புத்தகக் கடைகள்.

மந்தம் மட்டுமா?

என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்லியாக வேண்டும். வுல்வொர்த்ஸின் முன்னாள் நிர்வாகி ஒருவர் ஆல்வொர்த்ஸ் என்ற பெயரில் ஒரு சங்கிலி தொடங்கினார். பழைய கடைகள் சிலவற்றையே எடுத்து, பழைய ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டார். முதல் கடை 2009 நவம்பர் 5 அன்று டிட்காட்டில் திறந்தது, லிவர்பூல் கடைக்குச் சரியாக நூறு வயது ஆகியிருக்க வேண்டிய நாள். பழைய கடன் சுமை இல்லை, வாடகையும் புதிதாகப் பேசியது. அதுவும் 2011 இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஆகவே கடன் மட்டுமே கொன்றது என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்திருக்கும் கடைக்கு அந்தத் தெருவில் இடம் குறைந்துகொண்டே வந்தது உண்மை.

ஆனாலும், இளைத்துக்கொண்டே போகும் வியாபாரம் ஒன்று, ஆறு வாரத்தில் 27,000 பேரைத் தெருவில் விடுவது வேறு. இளைக்கும் வியாபாரத்துக்குக் காலம் கிடைத்தால் வருடத்துக்கு ஐம்பது கிளை என்று மூடலாம், ஆட்களை இடம் மாற்றலாம், சில கட்டடங்களை விற்று ஓய்வூதியம் கொடுக்கலாம். அந்தக் காலத்தை வாங்கித் தரும் சொத்தைத்தான் 2001 இல் எடுத்துவிட்டார்கள்.

இது ஒரு கடையின் கதையாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். டெபன்ஹாம்ஸ் என்ற பிரிட்டிஷ் பேரங்காடிச் சங்கிலியைப் பாருங்கள். 2003 முதல் 2006 வரை தனியார் முதலீட்டு நிறுவனங்களின் கையில் இருந்தபோது, 2005 இல், 23 கடைகளைப் பிரிட்டிஷ் லேண்ட் நிறுவனத்துக்கு 49.5 கோடி பவுண்டுக்கு விற்று வாடகைக்கு எடுத்தார்கள். வாங்கியவர்கள் பங்குச்சந்தையில் மறுபடி விற்றுவிட்டுப் போன பின், நீண்ட வாடகை ஒப்பந்தங்களோடு கடைகள் மட்டும் மிஞ்சின. கொரோனா வந்தபோது விற்பனை நின்றது, வாடகை நிற்கவில்லை. 2021 மே மாதம் கடைசிக் கடையும் மூடியது.

வுல்வொர்த்ஸின் பெயரையும் லேடிபேர்ட் உடைப் பெயரையும் ஷாப் டைரக்ட் வாங்கி, 2015 வரை இணையத்தில் நடத்தியது. கட்டடங்களில் பவுண்ட்லேண்ட், பி அண்ட் எம், 99பி ஸ்டோர்ஸ் எனப் பலரும் குடியேறினார்கள். ஆகஸ்டில் மறுக்கப்பட்ட மால்கம் வாக்கரின் ஐஸ்லாந்து, 2009 ஜனவரியில் 51 கடை இடங்களை எடுத்துக்கொண்டது.

வரிசையின் கடைசியில்

ஒரு கடை திவாலானால் பணம் யாருக்கு எந்த வரிசையில் போகும் என்பதை பிரிட்டிஷ் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர் முன்னால். திவால் நிர்வாகிகளின் கட்டணமும் முன்னால். தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் 800 பவுண்ட் வரைதான். பொம்மைக்காரர் போல ஈடில்லாமல் சரக்கு கொடுத்தவர்களுக்காகச் சட்டம் ஒதுக்கி வைக்கச் சொல்லும் பங்கு, அன்றைய விதிப்படி, நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும் மொத்தத்தில் 6 லட்சம் பவுண்டைத் தாண்டாது. வேலைநீக்க இழப்பீட்டை அரசின் நிதியில் இருந்து கொடுப்பார்கள். ஒருவருடைய வாரச் சம்பளம் எவ்வளவானாலும் அன்று கணக்கில் எடுத்துக்கொண்ட உச்சவரம்பு 330 பவுண்ட்.

இன்னொரு உரிமையும் இருந்தது. ஒரே 'நிலையத்தில்' 90 நாளுக்குள் 20 அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வேலையில் இருந்து நீக்குவதானால், தொழிற்சங்கத்தோடு முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறது 1992 ஆம் ஆண்டுச் சட்டம். பேசாமல் நீக்கினால் இழப்பீடு. வுல்வொர்த்ஸில் அந்தப் பேச்சு முறையாக நடக்கவில்லை என்று கடைத் தொழிலாளர் சங்கமான உஸ்டாவ் வழக்குப் போட்டது. 2012 ஜனவரியில் தீர்ப்பாயம் சங்கத்தின் பக்கம் நின்றது. சுமார் 24,000 பேருக்கு 60 நாள் சம்பளம், மொத்தம் 6.78 கோடி பவுண்ட்.

மீதி சுமார் 3,200 பேருக்கு எதுவும் இல்லை. அவர்கள் வேலை செய்த கிளைகளில் 20 பேருக்குக் குறைவாக இருந்தார்கள். ஒவ்வொரு கடையும் தனித்தனி நிலையம் என்று எடுத்துக்கொண்டதால் சட்டத்தின் எண்ணிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஒரே அலுவலகத்தில் எடுத்த ஒரே முடிவு, ஒரே மாதம். பெரிய ஊர்க் கிளையில் பில் போட்டவருக்கு இரண்டு மாதச் சம்பளம், சின்ன ஊர்க் கிளையில் அதே வேலை பார்த்தவருக்குப் பூஜ்யம். பத்தொன்பது பேர் இருந்த கிளையில் இன்னும் ஒரே ஒருவர் வேலையில் இருந்திருந்தால் எல்லோருக்கும் கிடைத்திருக்கும்.

உஸ்டாவ் விடவில்லை. அதே நிலையில் இருந்த எத்தல் ஆஸ்டின் உடைக் கடைகளின் சுமார் 1,200 தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டு மேல்முறையீடு செய்தது. 2013 இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், 'ஒரே நிலையத்தில்' என்ற சொற்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது, எல்லாக் கடைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொழிலாளர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே தோன்றியது. அரசு அதை எதிர்த்து மேலே போனது, வழக்கு லக்சம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

2015 ஏப்ரல் 30 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொழிலாளி எந்த இடத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டாரோ அந்த இடமே நிலையம். எல்லாக் கடைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடை மூடி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த 3,200 பேரில் பலர் அதற்குள் வேறு கடைகளில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள், சிலர் தாங்கள் முன்பு வேலை பார்த்த அதே கட்டடத்தில், வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே.